கவனன்ட் ஆஃப் த ப்ளூம்: பாவக் கணக்கு எட்டவே மாட்டேங்குதா?

ப்ரோ, இந்த கேம்ல சண்டைல ஜெயிச்சாலும் பாவக் கணக்கு (ஒவ்வொரு சண்டைக்கும் சேர்க்கவேண்டிய பாவப் பாயின்ட்) எட்டல, கூட இருக்கறவனை மந்திர இறகால பலி குடுத்துடவான்னு கேட்டிருந்தீங்க. வேணாம், அவசரப்படாதீங்க. எதிரியோட ஹெச்பி (உயிர் அளவு) ஜீரோ ஆன உடனே நிறுத்திடறீங்கன்னு நினைக்கிறேன், இந்த கேம்ல செத்தவனை மேல மேல அடிச்சாதான் பாவம் ஏறும், இறகைக் குடுத்த பாதாள ராணி ஹெல் கேக்கறதே அதைத்தான் (நல்ல அம்மா!). அதனால ஒத்தையா போய் அடிக்காம எதிரி உங்க ஆளுங்க நாலு பேரோட ரேஞ்சுக்குள்ளயும் வர்ற மாதிரி நிறுத்திட்டு அப்புறம் அட்டாக் குடுங்க, பட்டனை மாத்தி மாத்தி தட்டி அட்டாக் கேஜை நூறு ஆக்கினா சோல் கிரஷ்ங்கற பெரிய ஸ்பெஷல் அடி வரும், அதை கடைசில போட்டா ஒரே ஆள்கிட்டயே நிறைய தேறும். ஹெச்பி கம்மியா இருக்கற சில்லறை ஆளுங்கதான் இதுக்கு பெஸ்ட். கேட்டதைவிட அதிகமா சேர்த்தா ஐட்டமும் கிடைக்கும்.

இறகைப் போட்டா அந்தச் சண்டை ஈசிதான், ஆனா அந்த ஆள் திரும்ப வரமாட்டான், கதையும் வேற பாதைக்குப் போய் முடிவே மாறிடும். ஹீரோவோட நண்பன் ஏன்சல் செத்துப் போனது கதைப்படி நடக்கறது, அதை நீங்க தடுக்க முடியாது. மத்தவங்களை விட்டுவைங்க. ஹீரோ வில்ஃப்ரெட், செத்த அப்பாவுக்காக வால்கிரியை (வீரர்களோட ஆன்மாவைக் கூட்டிட்டுப் போற தேவதை) பழிவாங்கக் கிளம்பினவன், அவன் எவ்ளோ தூரம் போவான்ங்கறது உங்க கைலதான் இருக்கு. இப்ப எந்த சாப்டர்ல நிக்கறீங்க?