வாசகர் கேள்விகள்: கதிரைக்கு அடியில் இருப்பது கறுப்பு விதவையா?

கேள்வி: முற்றத்துப் பிளாஸ்டிக் கதிரைக்கு அடியில் ஒரு சிலந்தி வலை கட்டியிருக்கிறது, வயிற்றில் செம்மஞ்சளாக ஏதோ தெரிகிறது. யூடியூப் பார்த்துவிட்டு மகன் இது 'கறுப்பு விதவை'தான் என்கிறான், மாமி கொளுத்தச் சொல்கிறா. அது யாழ்ப்பாணத்தில் இருக்குமா?
வாசகி, கொக்குவில்

பதில்: கொளுத்த வேண்டாம். முதலில் ஒரு படம் எடுங்கள், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். மகன் வீடியோவில் பார்த்த பளபளக்கும் கறுப்பி வட அமெரிக்காவைச் சேர்ந்தது, அது உங்கள் முற்றத்துக்கு வர வாய்ப்பில்லை. ஆனால் அதன் சொந்தக்காரர் உலகம் முழுக்க உண்டு. அவுஸ்திரேலியாவில் முதுகில் சிவப்புக் கோடு போட்ட ஒன்று, இலங்கையில் கறுப்பு உடலில் சிவப்புக் கோடுகளோடு லட்ரோடெக்டஸ் எரித்ரோமெலாஸ் என்று ஒன்று. 1991இல்தான் அதற்கு அந்த விஞ்ஞானப் பெயர் வைத்தார்கள். இவற்றைவிடப் பழுப்பு விதவை என்று ஒன்று மனிதர்களின் சாமான்களோடு சாமானாகப் பயணம் செய்து வெப்ப நாடுகள் பலவற்றில் குடியேறிவிட்டது. கதிரையின் அடிப்பக்கம், பூச்சாடியின் விளிம்பு, அடுக்கி வைத்த பழைய டயர் எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். நீங்கள் சொல்வதற்கு இதுதான் அதிகம் பொருந்துகிறது.

உறுதிப்படுத்த வயிற்றின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். உடுக்கு வடிவத்தில் ஒரு குறி இருக்கும். கறுப்பு விதவைக்கு நல்ல சிவப்பு, பழுப்பு விதவைக்குச் செம்மஞ்சள். பழுப்பு விதவையின் கால்களில் கறுப்பும் வெளிறலுமாக மாறி மாறிப் பட்டைகள் தெரியும். எல்லாவற்றையும்விட நம்பக்கூடியது முட்டைப் பை. ஒரு சென்ரிமீற்றர் அளவில், எல்லாப் பக்கமும் சின்னச் சின்ன முள் நீட்டிக்கொண்டு வெளிர்நிறப் பந்து ஒன்று வலையில் தொங்கினால் அது பழுப்பு விதவைதான். கறுப்பு விதவையின் பையில் முள் இருக்காது.

படம் எடுத்த பிறகு நீளமான தும்புத்தடியால் வலையையும் பையையும் எடுத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் உட்காரும் கதிரை என்றால் அதை விட்டுவைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் பிளாஸ்டிக்குக்கு நெருப்பு வைப்பது சிலந்தியைவிட ஆபத்து.

கேள்வி: பனைக்கும் வேலிக்கும் நடுவில் கையளவு சிலந்தி, கறுப்பும் மஞ்சளும். இதுவும் விதவையா?
வாசகர், சாவகச்சேரி

பதில்: இல்லை. சில்லு மாதிரி வட்டமாக, ஒழுங்காகப் பின்னிய வலை என்றாலே விதவை இல்லை என்று முடிவெடுக்கலாம். விதவையின் வலை தாறுமாறான சிக்கல், நிலத்துக்கு இறங்கும் நூல்களில் பசை இருக்கும், குச்சியால் இழுத்தால் மற்ற வலைகளைவிடப் பலமாக இருப்பது கையிலேயே தெரியும். நீங்கள் பார்த்தது பொன்னிற நூல் நூற்கும் பெரிய சிலந்தியாக இருக்கும், அது பாவம், அதன்பாட்டில் இருக்கட்டும்.

கேள்வி: என்னிடம் பழைய கானன் கமராவும் 18-55 லென்சும் இருக்கின்றன. பிளாஷ் போட்டால் சிலந்தி கறுப்புப் பொட்டாகவும் நடுவில் வெள்ளைப் புள்ளியாகவும் வருகிறது. போனில் எடுத்தால் சிவப்பு வெளிறிப்போகிறது. என்ன செய்யலாம் அண்ணை?
வாசகர், உரும்பிராய்

பதில்: தம்பி, அந்த வெள்ளைப் புள்ளி பிளாஷின் பிரதிபலிப்பு. இவற்றின் உடல் அவ்வளவு மினுக்கம். பிளாஷுக்கு முன்னால் ரிசு பேப்பரை இரண்டு மடிப்பாகப் பிடித்து, முடிந்தால் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து கொடுங்கள், வெளிச்சம் பரந்து விழுந்து உடலின் உருண்டை தெரியும். சிவப்பு வெளிறுவதற்குக் காரணம் வேறு: கறுப்பு நிறையக் கண்டதும் கமராவும் போனும் இருட்டென்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகின்றன. எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். நிறம் பிழைத்தால் சிவப்பா செம்மஞ்சளா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது, இனம் பிரிக்க அந்தப் படம் உதவாது. மனுவலில் லென்ஸ் துளை எப்11, ஷட்டர் வேகம் 1/160 என்று தொடங்கி, பின்னால் உள்ள திரையைப் பார்த்துப் பார்த்துப் பிளாஷைக் கூட்டிக் குறையுங்கள்.

கோணத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். விதவை தலைகீழாகத் தொங்கும், முதுகு நிலத்தைப் பார்க்கும், வயிறு வானத்தைப் பார்க்கும். அதனால் கல் இடுக்கில் தாழக் கட்டிய வலை என்றால் குனிந்து கீழே நுழையாமல் மேலிருந்து எடுத்தாலே உடுக்குக் குறி நேராகக் கிடைக்கும். கதிரைக்கு அடியில் என்றால் வயிறு கதிரைப் பக்கம் திரும்பியிருக்கும், கீழே போனை நீட்டினால் முதுகுதான் வரும். கதிரையை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள், பயம் தெளிந்து வெளியே வரும்.

இருட்டிய பிறகு போங்கள், பகலில் அது மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். நெற்றியில் கட்டும் ரோச் இருந்தால் இரண்டு கையும் கமராவுக்கு மிஞ்சும். சப்பாத்துப் போடாமல் கல் குவியலுக்கோ விறகு அடுக்குக்கோ கிட்டப் போகாதீர்கள். அங்கே எனக்குப் பயம் சிலந்தியில் இல்லை, முத்திரைப் புடையன் பாம்பில்தான். கிட்டக் குனியும்போது மூச்சுக்காற்று வலையில் பட்டாலே சிலந்தி நூலில் இறங்கிக் கீழே விழுந்து செத்தது மாதிரிக் கிடக்கும், அதனால் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளுங்கள். சிலர் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து அசையாமல் எடுக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சொந்த வலையில், சொந்த இடத்தில் இருக்கும் படத்துக்குத்தான் மதிப்பு. வயிறு, முதுகு, வலை, முட்டைப் பை என்று நாலு படமும் எடுத்த ஊரும் திகதியும் சேர்த்து உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் போட்டால் சிலந்தி தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். வடக்கிலிருந்து அப்படிப் படங்கள் நிறைய வரவேண்டும் என்பது என் பெரிய ஆசை.

கேள்வி: கடித்தால் ஆள் தப்புமா?
வாசகி, நெல்லியடி

பதில்: தப்பும், சாவு மிக அரிது. தானாக ஓடிவந்து கடிக்கும் பிராணி இல்லை இது. சப்பாத்துக்குள்ளோ உடுப்புக்குள்ளோ கிடந்து தோலோடு நசுங்கும்போதுதான் கடிக்கும். பழுப்பு விதவை கடித்தால் பெரும்பாலும் அந்த இடத்தில் வலியோடு சரி. கறுப்பு இனங்களின் நஞ்சு நரம்பு நுனிகளைத் தாக்குவதால் வலி மெல்லப் பரவி, தசை இறுகி, வயிறு கல்லாகி, வியர்த்துக் கொட்டும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர் ஒத்தடம் கொடுத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தை, வயதானவர், கர்ப்பிணி என்றால் வலி கூடும்வரை காத்திருக்கக் கூடாது. கீறவோ கட்டுப்போடவோ வேண்டாம். சிலந்தி கண்ணில் பட்டால் போனில் ஒரு படம் எடுத்து டொக்டரிடம் காட்டுங்கள்.