சிவப்பெல்லாம் செம்மண் இல்லை: வான்படக் கேள்வி பதில்

வானிலிருந்து நிலத்தை எடுக்கும் வான்படங்கள் பற்றிக் கேளுங்கள் என்றேன். கேட்டவரின் பெயருக்குப் பதிலாக ஊரைப் போட்டிருக்கிறேன். பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்.

கோப்பாய்: அகச்சிவப்புப் படத்தில் எங்கள் தோட்டம் இரத்தச் சிவப்பு. செம்மண் என்பதாலா?

இல்லை. அது உங்கள் பயிர். பச்சை இலையின் உட்திசு அண்மை அகச்சிவப்பு என்னும் ஒளியை ஏராளமாகத் திருப்பி அனுப்பும். அது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே படத்தில் அதற்குச் சிவப்பு நிறத்தைக் கொடுத்துவிட்டு, உண்மையான சிவப்பைப் பச்சையாகவும் பச்சையை நீலமாகவும் நகர்த்திவிடுகிறார்கள். செழிப்பான இலை கடும் சிவப்பு, வாடியது மங்கல். உங்கள் செம்மண் மஞ்சளாகவோ மஞ்சட்பச்சையாகவோதான் விழும்.

இணுவில்: மரம் ஏன் சிவப்பாக இருக்கிறது?

மேலே பாருங்கள்.

வேலணை: கடலடியில் சாதாளை (கடற்புல்) மண்டிக் கிடக்கிறது. அகச்சிவப்பில் கறுப்பாக இருக்கிறதே?

நல்ல கேள்வி. முழங்கால் ஆழத் தண்ணீரே அண்மை அகச்சிவப்பை விழுங்கிவிடும். எனவே அடியில் புல் இருந்தாலும் மணல் இருந்தாலும் ஒரே கறுப்புத்தான். இதற்கு இயற்கை நிறப் படத்தை எடுங்கள். தெளிந்த ஆழமற்ற நீரில் மணல் வெளிறியும் சாதாளை கருந்திட்டாகவும் தெரியும். கண்டல் மரங்கள் நீருக்கு மேலே இலை விடுவதால், களப்போரத்தை அகச்சிவப்பில் பார்த்தால் கறுப்பை ஒட்டிச் சிவப்புக் கோடு கிழித்த மாதிரி இருக்கும். குளத்தின் நடுவே சிவப்பா? ஆகாயத்தாமரை மூடிவிட்டதோ என்று போய்ப் பாருங்கள்.

கைதடி: வயல் தரிசாகிவிட்டதா?

எந்த மாதப் படம்? எத்தனை முறைதான் சொல்வது! மழைக்கு விதைத்துத் தை, மாசியில் வெட்டும் வயலை ஆடியில் படம் எடுத்தால் வெறுந்தரைதான் தெரியும். திகதி இல்லாத படத்தை என்னிடம் அனுப்பாதீர்கள்.

சாவகச்சேரி: சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் பனையையும் தென்னையையும் பிரிக்கலாமா?

முடியாது. அதில் ஒரு புள்ளி 10 மீற்றருக்கு 10 மீற்றர். ஒரு பரப்பு (ஏறக்குறைய 250 சதுர மீற்றர்) தோட்டக்காணியே இரண்டரைப் புள்ளிதான். தாழப் பறந்து எடுத்த படம் வேண்டும். காலை வெயிலில் எடுத்தது என்றால் நிழலைப் பாருங்கள், நெடிய தண்டும் உருண்டைத் தலையுமாகப் பனை தரையில் படுத்திருக்கும்.

மானிப்பாய்: நிலத்தடி நீர், வீட்டுச் சூடு தெரியுமா?

தெரியாது. சூட்டைக் காட்டுவது வெப்ப அகச்சிவப்பு, அது வேறு.

மீண்டும் கோப்பாய்: செம்மண் மஞ்சளாம்! நாற்பது வருடம் கொத்தின மண் ஐயா.

மண்ணைப் பற்றி உங்களோடு வாதாடுவேனா? படத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். உங்கள் ஓட்டுக் கூரையைப் பாருங்கள், அதுவும் மஞ்சளடித்துத்தான் இருக்கும்.

சுன்னாகம்: கோப்பாய்க்காரர் சொல்வது சரி. என் படத்தில் செம்மண் சாம்பல் நிறம்.

இறைத்த கையோடு எடுத்த படமாக இருக்கும், ஈரமண் கறுக்கும். அதோடு மென்பொருள் நிறத்தை இழுத்துக் கூட்டிக் குறைத்தாலும் சாயல் மாறும். சரி, இதில் நானும் கொஞ்சம் அடித்துப் பேசிவிட்டேன். ஒரு நிறத்தை மட்டும் நம்பாமல், அதே படத்தில் உங்களுக்குத் தெரிந்த றோட்டையும் கோயில் கேணியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

கோப்பாய்: அப்ப வந்து பாருங்கோவன்.

ஞாயிறு காலை வருகிறேன். படத்தை அச்சடித்து வையுங்கள், தேத்தண்ணியும் வையுங்கள்.

உரும்பிராய்: மரம் ஏன் சிவப்பு?

நீங்களும் கோப்பாய்க்கு வாருங்கள்.