எஞ்சின் கிடைத்துவிட்டது, இனி? – கிட் கார் கேள்வி பதில்

வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுவது இங்கிலாந்தின் பழைய பித்து. காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்த லோட்டஸ் செவன்தான் அதற்கு மூலவிக்கிரகம். 1973-ல் அதன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. அதே சாயலில், இரும்புக் குழாய்ச் சட்டமும் அலுமினியத் தகடுமாக, பல சிறு பட்டறைகள் இன்றும் கார்களை உதிரிகளாக விற்கின்றன. வாங்கி நாமே பூட்டிக்கொள்ளவேண்டிய இவைதான் கிட் கார்கள். இங்கே குடியேறிய பிறகு அப்படி மூன்று கார்கள் கட்டியிருக்கிறேன். மூன்றிலும் ஃபோர்டு எஞ்சின். அதில் ஒன்றை நானே கெடுத்தேன். அந்தக் கதையும் கீழே வருகிறது.

கேள்வி: அண்ணா, விபத்தில் நசுங்கிய ஃபோர்டு ஃபோகஸ் ஒன்றிலிருந்து 2.0 லிட்டர் டியூராடெக் எஞ்சின் மலிவாகக் கிடைத்தது. செவன் வகைச் சேஸிஸில் உட்காருமா? ஃபோர்டின் பழைய செடெக் எஞ்சினே போதும் என்கிறார் நண்பர்.

உட்காரும். செடெக்கும் நல்ல எஞ்சின்தான், ஆனால் அதன் பிளாக் இரும்பு. டியூராடெக்கின் பிளாக் அலுமினியம். மொத்தமே 550 கிலோ வரும் காரில் மூக்கில் குறையும் ஒவ்வொரு கிலோவும் ஸ்டீயரிங்கில் தெரியும்.

இனி கெட்ட செய்தி. எஞ்சின்தான் இந்த வேலையில் மலிவான பொருள். ஃபோகஸில் அது குறுக்கே படுத்திருந்தது. உங்கள் காரில் நெடுக்காக நிற்கவேண்டும். திருப்பி வைத்ததும், சிலிண்டர் ஹெட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாய் பின்னால் போய் கால் பக்கத் தடுப்புத் தகட்டில் முட்டும். அதற்கென்று விற்கும் மெல்லிய குழாய் அமைப்பை வாங்கிப் பூட்டவேண்டும். ஃபோர்டு சியராவின் டைப் 9 கியர்பாக்ஸைப் போடுவதானால் தனி பெல்ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவ உறை) வேண்டும். எல்லோரும் மறக்கும் ஒன்றும் உண்டு. முன்சக்கர இழுப்புக் காரின் கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முனையில், கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் குட்டி பேரிங் இருக்காது. அதை நீங்கள்தான் பொருத்தவேண்டும். இல்லாமலும் கார் ஓடும், சில நூறு மைல்கள். பிறகு கியர்பாக்ஸ் முனகத் தொடங்கும்.

கேள்வி: டைப் 9 வேண்டாம், மாஸ்டா எம்எக்ஸ்-5 கியர்பாக்ஸ் போடு என்கிறார்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். 2005-ல் வந்த மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் எஞ்சினும் டியூராடெக்கும் ஒரே குடும்பம். கியர்பாக்ஸ் நேராகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் மாஸ்டாவில் கியர்பாக்ஸையும் பின் டிஃபரென்ஷியலையும் ஒரு நீண்ட சட்டம் இணைத்திருக்கும். அந்தச் சட்டம் உங்கள் காரில் இல்லாததால் கியர்பாக்ஸின் பின்பக்கம் தொங்கும். தாங்கி ஒன்றை வெல்டிங் செய்யவேண்டும். டைப் 9-இல் வேறு சங்கடம். அதன் முதல் கியர் சியராவின் எடையை இழுக்க வகுத்தது. இலகுவான காரில் கிளட்சை விட்டு முடிப்பதற்குள் முதல் கியர் தீர்ந்துவிடும்.

கேள்வி: சம்ப்பை (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டை) வெட்டிக் குட்டையாக்கினால் போதாதா? ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்துச் சுற்றவிடும் உலர் சம்ப்பின் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது.

நானும் இப்படித்தான் நினைத்தேன். சம்ப் சேஸிஸின் அடிக்குழாயைவிடக் கீழே தொங்கக் கூடாது. வேகத்தடையில் முதலில் உடைவது அதுதான். அதனால் அடியை அறுத்து, தகடு வைத்து வெல்டிங் செய்தேன். தெருவில் ஓட்டியவரை ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோனேன். மூன்றாவது சுற்று, நீண்ட வலது வளைவு. ஆயில் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. என் கண்ணின் கோளாறு என்று நினைத்து இன்னொரு சுற்று போனேன். திரும்பி வரும்போது அடியில் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம். கழற்றிப் பார்த்தால் கனெக்டிங் ராட் பேரிங் செப்பு நிறத்தில் உரிந்து கிடந்தது.

எஞ்சின் குறுக்கே இருந்தபோது வளைவில் ஆயில் கிராங்க்கின் நீளவாக்கில் ஓடும். உள்ளே இருக்கும் தடுப்புகள் அதற்கேற்ப வைத்தவை. எஞ்சினை நெடுக்காகத் திருப்பியதும் ஆயில் பக்கவாட்டில் ஏறி, உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கிறது. போதாக்குறைக்கு, குட்டையாக்கிய சம்ப்பில் ஆயிலும் குறைவு. தெருவில் மட்டும் ஓட்டுவதானால், இந்த வகைக் கார்களுக்கென்றே உள்ளே மடல்கதவுகள் வைத்து விற்கும் குட்டைச் சம்ப் போதும். பந்தயத் தடமும் பிசின்போல் ஒட்டும் டயரும் ஆசை என்றால் உலர் சம்ப்தான். அதன் விலை ஓர் எஞ்சினின் விலை என்று எனக்குத் தெரியும், இரண்டாவது எஞ்சின் வாங்கியவன் என்பதால்.

கேள்வி: ஃபோகஸின் கம்ப்யூட்டரையும் வயரிங்கையும் அப்படியே பயன்படுத்தலாமா?

முடியாதென்று இல்லை, நான் செய்யமாட்டேன். அந்தக் கம்ப்யூட்டர் சாவியின் சில்லைத் தேடும், மீட்டர் பெட்டியைத் தேடும், சக்கர வேகத்தைக் கேட்கும். ஒன்று இல்லாவிட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒமெக்ஸ், எமரால்டு, மெகாஸ்குவர்ட் என்று தனி இசியூக்கள் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்கள்) கிடைக்கின்றன. கிராங்க் சென்சார், த்ராட்டில் நிலை, தண்ணீர் வெப்பம், காற்று வெப்பம், ஆக்சிஜன் சென்சார்: அவற்றுக்கு இந்த ஐந்து தகவல்களே பெரும்பாலும் போதும். ஃபோர்டின் கிராங்க் சக்கரத்தில் 36 பல்லுக்கு இடம், ஒன்று மட்டும் இருக்காது. அந்த இடைவெளியை வைத்துத்தான் இசியூ முதல் பிஸ்டனின் நிலையை அறிகிறது.

கேள்வி: கிராங்க் புல்லியை மட்டும் கழற்றி மாட்டினேன். இப்போது எஞ்சின் கிளம்பவே இல்லை. எங்கே பிசகு?

இனி ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், தம்பி! டியூராடெக்கில் புல்லியையும் டைமிங் சங்கிலியின் பல்சக்கரத்தையும் கிராங்க்கோடு பூட்டிவைக்கும் கீ (நழுவாமல் பிடிக்கும் சிறு இரும்புத் துண்டு) கிடையாது. ஒரே போல்ட்டின் இறுக்கத்தால்தான் எல்லாம் பிடித்து நிற்கின்றன. அந்தப் போல்ட்டைத் தளர்த்திய கணமே டைமிங், அதாவது வால்வும் பிஸ்டனும் ஒத்து இயங்கும் ஒழுங்கு, போய்விட்டது. வால்வுகளைத் திறக்கும் கேம்களையும் கிராங்க்கையும் பூட்டும் கருவிகளை வாங்கி, டைமிங்கை முதலிலிருந்து வைத்து, புதுப் போல்ட் போடுங்கள். பழைய போல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. வால்வும் பிஸ்டனும் முட்டியிருக்கிறதா என்று கம்ப்ரெஷன் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆக்சிலரேட்டர் கேபிள் சுடுகிறது. இது என்ன மாயம்?

எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையே எர்த் வயர் போடவில்லை. ஸ்டார்ட்டரின் மின்சாரம் கேபிள் வழியாகத் திரும்புகிறது. தடித்த வயர் போடுங்கள், போல்ட் அமரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு.

கேள்வி: ஹயபுசா பைக் எஞ்சின் போட்டால் இன்னும் இலகுவாக இருக்குமே?

இருக்கும், கூவும், மயிர்க்கூச்செறியும். ரிவர்ஸ் கியர் மட்டும் இருக்காது. தனிப் பெட்டி வைக்கவேண்டும். பைக்குக்காகச் செய்த கிளட்ச் இரு மடங்குக்கும் மேலான எடையை நகர்த்தித் தேயும். ஞாயிற்றுக்கிழமைக் காருக்குச் சரி. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஊரில் எனக்கு வேண்டாம். சிறிய எஞ்சினே ஆசை என்றால் கேட்டர்ஹாமையே பாருங்கள்: சுசுகியின் 660 சிசி, மூன்று சிலிண்டர் டர்போவை வைத்து 80 குதிரைத்திறனில் ஒரு செவன் விற்றார்கள். எடை 500 கிலோவுக்குள் என்பதால் அதுவே துள்ளும்.

கேள்வி: பத்து நிமிடம் ஓடினால் வெப்ப முள் சிவப்பைத் தொடுகிறது. ரேடியேட்டர் புதியது.

ரேடியேட்டரைத் திட்டாதீர்கள். செவனின் மூக்கு தாழ்ந்தது. எஞ்சின் ஹெட் அதைவிட உயரம். தண்ணீரை ரேடியேட்டர் வாயில் ஊற்றினால் காற்று ஹெட்டில் சிக்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலான இடத்தில் ஒரு தொட்டி வைத்து அதில் ஊற்றுங்கள். ஹெட்டின் உச்சியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அந்தத் தொட்டிக்குப் போகவேண்டும்.

கேள்வி: வீட்டில் கட்டிய காரைச் சாலைக்கு அனுமதிக்கும் முன் இங்கிலாந்தில் நடத்தும் ஐவிஏ சோதனையில் எதில் தோற்பார்கள்?

எஞ்சினில் தோற்பவர் குறைவு. கூர்முனைகளில் தோற்பவர் அதிகம். வெளியே நீட்டியிருக்கும் விளிம்புகளுக்குக் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆர வளைவு வேண்டும். சத்தம் 99 டெசிபெலைத் தாண்டக் கூடாது; செவனில் சைலன்சர் பக்கவாட்டில் வருவதால் இதில் கவனம் வேண்டும். எஞ்சினின் வயதைக் காட்டும் காகிதத்தைத் தொலைக்காதீர்கள். புகை அளவின் வரம்பு அதைப் பொறுத்தது.

கேள்வி: ஐயா, நான் கோவையில் இருக்கிறேன். இங்கே இப்படிக் கட்டிச் சாலையில் ஓட்ட முடியுமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதையே தடுக்கிறது. வீட்டில் கட்டிய காரைப் பதிவுசெய்வது அதைவிடக் கடினம். ஆனால் உங்கள் ஊரின் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் எல்ஜிபி ஃபார்முலா கார்களைப் போய்ப் பாருங்கள். மாருதியின் 1.3 லிட்டர் எஞ்சினை இலகுவான சட்டத்தில் வைத்துப் பந்தயம் விடுகிறார்கள். பேடாக்கில் (பந்தயக் கார்களைப் பழுதுபார்த்துத் தயார்செய்யும் இடத்தில்) ஒரு நாள் நின்றால் நான் இங்கே எழுதுவதைவிட அதிகம் கற்றுக்கொள்வீர்கள்.

கேள்வி: எல்லாம் பூட்டியாகிவிட்டது. நாளை முதல்முறை ஸ்டார்ட் செய்யப்போகிறேன்.

அவசரப்படாதீர்கள். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள், பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸையும் எடுத்துவிடுங்கள். பத்துப் பத்து வினாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு ஆயில் மீட்டரையே பாருங்கள். முதலில் ஒன்றும் நடக்காது, வயிறு கலங்கும். முள் எழுந்து நின்ற பிறகு பிளக்குகளைப் பூட்டுங்கள். ஃபியூஸைப் போட்டு, சாவியை ஸ்டார்ட்டர் சுற்றாத அளவுக்கு, இக்னிஷன் நிலைவரை மட்டும் திருப்பி, பெட்ரோல் இணைப்பு ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். விரல் காய்ந்திருந்தால் கிளப்புங்கள்.