பட்டறைப் பக்கம்: மங்கோலியாவுக்குப் போகும் எக்ஸ்கவேட்டருக்கு எந்த ஹீட்டர்?

கேள்வி: அண்ணன், சிங்கப்பூர் துவாஸில் கனரக இயந்திரப் பட்டறை ஒன்றில் மெக்கானிக்காக இருக்கிறேன். எங்கள் முதலாளி பழைய கொமாட்சு பிசி200-8 எக்ஸ்கவேட்டர் இரண்டை மங்கோலியாவுக்கு விற்றிருக்கிறார். நவம்பரில் கப்பல் ஏறுகின்றன. குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு நல்ல ஹீட்டராகப் பார்த்து மாட்டச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார். எஞ்சின் பிளாக்கில் சொருகுவது, பம்பு வைத்துக் கூலன்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, சூடாக்கிச் சுற்றவிடுவது, டீசலில் எரிவது என்று மூன்று விதம் சொல்கிறார்கள். வாட்ஸ் அதிகமாக உள்ளதை வாங்கினால் போதுமா?
துவாஸ் வாசகர்

பதில்: தம்பி, வாட்ஸ் கிடக்கட்டும். அந்த இயந்திரங்கள் இரவில் எங்கே நிற்கும் என்று முதலாளியிடம் கேட்டீர்களா? பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்குமா? இந்தப் பதில் கிடைக்காமல் ஹீட்டர் வாங்காதீர்கள்.

2011 குளிர்காலத்தில் மங்கோலியாவின் கோபிப் பாலைவனப் பக்கம் ஒரு வேலையிடத்துக்கு என்னை இரண்டு மாதம் அனுப்பினார்கள். இங்கிருந்து போன எக்ஸ்கவேட்டரில் அருமையான மின்சார ஹீட்டர் மாட்டியிருந்தது. மாட்டியவன் வேறு யாருமல்ல, நானேதான். அதன் பிளக் மாட்டு வால்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மின்சாரமோ மூன்று கிலோமீட்டர் தள்ளி, முகாமில் இருந்தது. காலையில் மைனஸ் 31. ஓட்டுநர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தகரத் தட்டில் கரி மூட்டி எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் தள்ளினார். நான் பத்தடி தள்ளி நின்று முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். எண்ணெய்க் கசிவு உள்ள இயந்திரம் அப்படியே எரிந்துபோகும்.

ஆகவே, இரவில் முற்றத்தில் மின்சாரத்தோடு நிற்கும் என்றால், பிளாக்கில் சொருகும் ஹீட்டரே போதும். பிசி200-8 எஞ்சின் 6.7 லிட்டர், அதற்கு 750 முதல் 1,000 வாட்ஸ் சரியான அளவு. விலையும் சில நூறு வெள்ளிக்குள் முடிந்துவிடும். பம்பு வைத்த ஹீட்டர் எஞ்சின் முழுவதையும் ஒரே சீராகச் சூடாக்கும். பெரிய புல்டோசருக்கும் ஜெனரேட்டருக்கும் அது ஏற்றது; உங்களுடையதற்கு அவசியம் இல்லை. வெட்டவெளியில் நிற்கும் என்றால் டீசலில் எரியும் ஹீட்டர்தான் வழி. ஆயிரம் வெள்ளிக்கு மேல் கேட்பார்கள், கொடுக்கலாம். 5 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் மணிக்கு அரை லிட்டர் சொச்சம்தான் குடிக்கும். இயந்திரத்தின் பேட்டரி 24 வோல்ட் என்பதால் 24 வோல்ட் ஹீட்டராகக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் பேச்சுவாக்கில் 12 வோல்ட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

மின்சார ஹீட்டரிலும் வோல்டேஜைப் பாருங்கள். மங்கோலியாவிலும் நம்மைப்போல 230 வோல்ட்தான். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் பாதி வட அமெரிக்காவுக்கான 120 வோல்ட். 1,000 வாட்ஸ் என்று போட்டிருக்கும் அதை 230இல் சொருகினால் 3,600 வாட்ஸுக்கு மேல் இழுத்துக் கருகிவிடும்.

ஹீட்டரைவிட எனக்குக் கவலை தருவது வேறு. நம் ஊரில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். இயந்திரம் சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் இறங்கி ரயிலில் எல்லை தாண்டுவதற்குள் அந்தத் தண்ணீர் உறைந்து பிளாக்கைப் பிளந்துவிடும். பிறகு எந்த ஹீட்டரை எங்கே மாட்டுவது? முழுவதும் இறக்கி, கழுவி, எத்திலீன் கிளைகோல் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி ஊற்றுங்கள். மைனஸ் 37 வரை தாங்கும்.

அடுத்தது டீசல். ஏர்கான் அறையில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். டீசலில் உள்ள மெழுகும் அப்படித்தான் கட்டும், பில்டரை அடைக்கும். துவாஸில் நிரப்பிய டீசலோடு அனுப்பாதீர்கள். கப்பல் ஏற எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் வைத்து, அங்கே குளிர்கால டீசல் போடச் சொல்லி எழுதி ஒட்டுங்கள். டீசல் ஹீட்டரும் அதே தொட்டியிலிருந்துதான் குடிக்கிறது. டீசல் கட்டினால் அதுவும் படுத்துவிடும்.

எண்ணெயையும் மாற்ற வேண்டும். எஞ்சினுக்குக் குளிரில் கெட்டியாகிவிடும் 15டபிள்யூ-40 வேண்டாம், இளகியே இருக்கும் 0டபிள்யூ-40 ஊற்றுங்கள். ஹைட்ராலிக் எண்ணெயைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எக்ஸ்கவேட்டரில் ஹைட்ராலிக் பம்பு எஞ்சினோடு நேராக இணைந்திருக்கிறது, நடுவில் கிளட்ச் கிடையாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சினோடு பம்பையும் சேர்த்து, தேன்பாகாகிவிட்ட எண்ணெய்க்குள் சுற்ற வேண்டும். பேட்டரியோ மைனஸ் 18இலேயே ஏறக்குறைய பாதி வலுவை இழந்திருக்கும். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி எளிதில் உறையாது. சார்ஜ் இறங்கியது மைனஸ் 10 பக்கமே உறைந்து வெடிக்கும். பேட்டரிக்கு ஒரு சூட்டுப் போர்வை வாங்குவது வீண்செலவு அல்ல.

குளிரில் ஸ்டார்ட் ஆகக் காற்றுக் குழாயில் அடிக்கும் ஈதர் ஸ்பிரேயைக் கண்ணில் படாமல் வையுங்கள், அது சட்டென்று தீப்பிடிக்கும். இந்த எஞ்சினின் காற்றுக் குழாயில் சூடேற்றும் கம்பி உண்டு. அதன்மேல் ஈதர் பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. என் முதல் ஹீட்டரை ஜூரோங்கில் மேசைமேல் வைத்து, "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று கரண்ட் கொடுத்தேன். எண்ணிப் பத்து விநாடி. உறைக்குள் டிக் என்று ஒரு சத்தம், தலைமுடி கருகியதுபோல ஒரு நாற்றம். கூலன்டில் மூழ்காத ஹீட்டர் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். முதலாளி திட்டவில்லை, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். நீங்கள் கரண்ட் கொடுக்காமல் மல்டிமீட்டரால் ஓம் (மின்தடை) பார்த்தால் போதும். கூலன்ட் நிரப்பி, எஞ்சினை ஓட்டிக் காற்றை வெளியேற்றிய பிறகே பிளக்கைச் சொருகுங்கள்.

கேள்வி: ஐயா, என் மகன் கனடாவின் ஆல்பர்ட்டாவில் பனி அள்ளும் லோடர் வைத்திருக்கிறான். மாலை வந்ததும் பிளக்கில் போட்டுவிட்டுக் காலையில்தான் எடுக்கிறானாம். மின்கட்டணம் எகிறுகிறது என்று புலம்புகிறான்.
ஈசூன் வாசகி

பதில்: அம்மா, மூன்று நான்கு மணி நேரத்தில் ஏறவேண்டிய சூடு ஏறிவிடும். அதன்பிறகு அவன் ஆல்பர்ட்டாவைத்தான் சூடாக்கிக்கொண்டிருக்கிறான். ஒரு டைமர் வாங்கி, வேலைக்குக் கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பு போடும்படி வைக்கச் சொல்லுங்கள். தரையில் கிடக்கும் கேபிள் குளிரில் விறைத்து வெடிக்கும். ரப்பர் உறை போட்டதாக இருக்கட்டும்.

கேள்வி: நான் பராமரிக்கும் கட்டடத்தின் ஸ்டாண்ட்பை ஜெனரேட்டர் எப்போது தொட்டாலும் வெதுவெதுப்பாக இருக்கிறது. உள்ளே ஹீட்டராம். 30 டிகிரி வெயில் அடிக்கும் சிங்கப்பூரில் இது எதற்கு? பிடுங்கிவிடலாமா?
பாய லேபார் வாசகர்

பதில்: கையை வைக்காதீர்கள்! கரண்ட் போனால் சில விநாடிகளில் அது முழுச் சுமையையும் தூக்க வேண்டும். 40 டிகிரி பக்கம் சூடாக இருக்கும் எஞ்சின் கரும்புகை கக்காமல் சுமையை ஏற்கும், ஈரமும் சேராது. ஹீட்டர் குழாய்களைத்தான் மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், எப்போதும் சூட்டில் இருப்பதால் சீக்கிரம் விறைத்து வெடிப்பு விடும். குழாய் மாற்றக் கூலன்டை இறக்கும்முன் ஹீட்டர் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி அதன்மேல் உங்கள் பெயரெழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். நான் மேசைமேல் எரித்தது சின்ன ஹீட்டர், இது பெரியது.