பக்கத்து வீட்டுச் சருகுப் புகையும் மாமியாரின் மூச்சிரைப்பும்

கேள்வி: சிங்கப்பூரில் சிலேத்தார் பக்கம் ஒரு தரைவீட்டில் குடியிருக்கிறோம். நான் திருச்சிக்காரி, கல்யாணமாகி இங்கே வந்தவள். பக்கத்து வீட்டுச் சீன அங்கிளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வாரத்தில் இரண்டு மூன்று மாலைகளில் மாஇலை, ரம்புத்தான் இலை எல்லாவற்றையும் கூட்டி, ஒரு பழைய தகர டின்னில் போட்டுக் கொளுத்துகிறார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன், கொசு ஓடும் என்றார். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் வந்தால் முன்னோருக்குச் சாமிக் காகிதமும் எரிப்பார். புகை நேராக எங்கள் சமையலறைக்குத்தான் வருகிறது. மாமியாருக்கு ஆஸ்துமா. புகார் கொடுக்கலாம் என்கிறேன். கணவரோ, “அம்மாவும் அவரும் வேலியோரம் மலாயில் கதை பேசுகிறவர்கள். அதைக் கெடுக்காதே. நாமும்தான் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறோம், அவர் திருப்பிக் கேட்டால்?” என்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, சிலேத்தார்

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று புகை இருக்கிறது சகோதரி. சருகுப் புகை, காகிதப் புகை, சாம்பிராணிப் புகை. நீங்கள் முதல் இரண்டையும் ஒரே புகாராகக் கட்டப் பார்க்கிறீர்கள். உங்கள் கணவர் மூன்றையும் சேர்த்துக் குழப்பி உங்கள் வாயை அடைக்கப் பார்க்கிறார். முதலில் இவற்றைப் பிரித்துவிடுவோம்.

சருகுப் புகை நிற்க வேண்டியது. இதில் இரண்டு பேச்சே இல்லை. சிங்கப்பூரில் வீட்டுக் குப்பையையோ தோட்டக் குப்பையையோ திறந்த வெளியில் போட்டு எரிக்க அனுமதி கிடையாது. தரைவீடு, சொந்த நிலம் என்பதால் சலுகை இல்லை. சாத்தே சுட அடுப்பு மூட்டுவது வேறு, குப்பையைத் தீர்க்க நெருப்பு மூட்டுவது வேறு.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நெஞ்சுக்கும் இது ஆகாது. இந்த ஊரில் சருகு முழுசாகக் காய்வது எப்போது? காலையில் மழை, மத்தியானம் வெயில், சாயங்காலம் திரும்பவும் தூறல். மாஇலை வேறு தடிப்பானது. ஈரத்தோடு டின்னில் திணித்தால் அது எரியாது, உள்ளுக்குள் கனன்று வெள்ளைப் புகையாகக் கக்கும். நன்றாகப் பற்றி எரிகிற தீயைவிடக் கனல்கிற தீயில்தான் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் அதிகம். அந்த நுண்துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான். மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போகும். போதாததற்கு அவர் மாலை நேரமாகப் பார்த்துக் கொளுத்துகிறார். வெயில் தாழ்ந்து காற்றும் ஓய்ந்துவிட்டால் புகை மேலே எழும்பாமல் வேலி உயரத்திலேயே படரும்.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். கைபேசியில் பார்த்தால் காற்றுத் தரம் ‘வழக்கநிலை’ என்றுதானே காட்டுகிறது? காட்டத்தான் செய்யும். தேசியச் சுற்றுப்புற வாரியம் தீவை ஐந்து வட்டாரமாகப் பிரித்துச் சொல்கிற அளவு அது. 2013 ஜூன் 21ஆம் தேதி பி.எஸ்.ஐ. என்கிற காற்று மாசுக் குறியீடு 401 தொட்டதே, அந்த மாதிரி ஊரையே மூடுகிற புகைமூட்டத்துக்கு அது உதவும். உங்கள் சமையலறை ஜன்னலுக்கும் அங்கிளின் டின்னுக்கும் நடுவே உள்ள பத்தடியில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே அந்த எண்ணைக் காட்டி யாராவது ‘காற்று நன்றாகத்தானே இருக்கிறது’ என்றால் மனம் தளராதீர்கள்.

காகிதம் எரிப்பது வேறு கதை. அது முன்னோர் வழிபாடு. ஆண்டில் சில நாள் வருவது, சிங் மிங் என்கிற கல்லறை வழிபாட்டு நாளுக்கும் ஏழாம் மாதத்துக்கும். அதை நிறுத்தச் சொல்ல உங்களுக்கும் மனம் வராது, சொல்லவும் கூடாது. எங்கே, எப்போது, எவ்வளவு என்பதை மட்டும் பேசிக்கொள்ளலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்குகளில் நகர மன்றம் வைக்கிற இரும்புக் கலன்களில்தான் எரிக்கச் சொல்கிறார்கள், அதே ஒழுங்கை வீட்டிலும் கேட்பதில் தப்பில்லை. காற்று கொண்டுபோகாத மூடிய கலன், உங்கள் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் கொஞ்சமாக. எரிக்கிற நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த ஒரு மணி நேரம் மாமியார் முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாம். இதையும் சருகையும் ஒரே மூச்சில் சொன்னீர்களோ, போச்சு. ‘என் சாமியைக் குறை சொல்கிறாள்’ என்றுதான் அவர் காதில் விழும். பிறகு சருகைப் பற்றிப் பேசவே முடியாது.

அப்புறம், யார் பேசுவது? கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், கணவர் என்ன நினைக்கிறார் என்று இருக்கிறது. மூச்சு வாங்குகிற மாமியார் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. அவருக்காகப் புகார் கொடுக்கப் போகிறீர்கள், அவரைக் கேட்டீர்களா? வேலியோரம் மலாயில் பேசுகிற பழக்கம் அவருக்குத்தான் இருக்கிறது. ‘ஆசாப் மாசுக் ரூமா’, புகை வீட்டுக்குள் வருகிறது, எனக்கு நெஞ்சு அடைக்கிறது என்று அவர் வாயால் சொல்வதும், மருமகள் போய்ச் சட்டம் பேசுவதும் ஒன்றா? அங்கிளுக்கு ஆஸ்துமா விஷயமே தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் ஏன் எரிக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்களே ஒழிய, எரித்தால் இங்கே என்ன ஆகிறது என்று சொன்னதாகத் தெரியவில்லை.

டின் புகைந்துகொண்டிருக்கும்போது போகாதீர்கள், கைபேசியில் படம் எடுத்தபடி நிற்கவும் வேண்டாம். ஒரு காலை வேளை, அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரம் போதும். மாமியார் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

அங்கிள் இரண்டு பதில் வைத்திருப்பார். ஒன்று, கொசு. நம் ஊரிலும் வேப்பிலைப் புகை போட்டவர்கள்தானே நாம், எடுத்த எடுப்பில் மறுக்க வேண்டாம். ஆனால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கிய நல்ல தண்ணீரில். புகை விலகினால் கொசு திரும்பி வந்துவிடும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது. பூந்தொட்டித் தட்டும் கூரைத் தண்ணீர்க் கால்வாயும்தான் பார்க்க வேண்டிய இடங்கள். அந்தக் கால்வாயில் அடைத்துக்கொள்வதும் இதே மாஇலைதான். எழுபது வயதில் அவர் ஏணி ஏறக்கூடாது, உங்கள் கணவர் ஏறித் துப்புரவு செய்து தரலாம். பழக்கத்தைக் கெடுக்காதே என்று சொன்னவருக்கு இது பொருத்தமான வேலை.

இன்னொன்று, ‘குப்பையில் போட்டாலும் எரிக்கத்தானே போகிறார்கள்?’ உண்மைதான். நம் குப்பையில் பெரும்பகுதி எரியாலைக்குப் போய், சாம்பலாகிச் செமாக்காவ் தீவுக் குப்பைக்கிடங்கில் சேர்கிறது. ஆனால் அங்கே 850 டிகிரிக்கு மேல் எரிகிறது, புகையை வடிகட்டித்தான் புகைபோக்கிக்கு விடுகிறார்கள். தகர டின்னில் வடிகட்டி ஏது?

எரிக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் சருகு குவிந்துகொண்டே இருக்கும், அவரும் நாலு நாளில் தீப்பெட்டியை எடுப்பார். உங்கள் வட்டாரத்தில் குப்பை எடுக்கும் நிறுவனத்திடம் தோட்டக் கழிவை எப்படிக் கட்டிவைக்க வேண்டும் என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள், முதல் தடவை பைகளையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். மாமரத்தைச் சுற்றி, அடிமரத்தை ஒட்டாமல், நாலு விரற்கடை உயரத்துக்குச் சருகைப் பரப்பினால் மண் ஈரம் காயாது. மிச்சத்தை ஒரு தொட்டியில் மக்கவிடலாம். மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு காய்கறித் தோல், வாரத்துக்கு ஒரு கிளறல். இந்தப் புழுக்கத்தில் சில மாதத்தில் உரமாகிவிடும். தொட்டியில் தண்ணீர் மட்டும் தேங்கக்கூடாது.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால்? தேதி, நேரம் குறித்துவைத்துக்கொண்டு சுற்றுப்புற வாரியத்திடம் தெரிவியுங்கள், அதில் குற்ற உணர்ச்சியே வேண்டாம். பேசித் தீர்த்துக்கொள்ள 1998 முதல் சமூக மத்தியஸ்த நிலையம் இருக்கிறது. அதற்கும் மேலே, 2015இல் வந்த சட்டத்தின்படி அண்டைவீட்டுத் தகராறுகளுக்கென்றே நடுவர் மன்றம் உண்டு. 100 மீட்டருக்குள் இருப்பவரின் சத்தம், நாற்றம், புகை எல்லாம் அதன் வரம்பில் வரும். உங்கள் விஷயம் அங்கே வரை போகும் என்று நான் நினைக்கவில்லை.

சாம்பிராணிக்கு வருகிறேன். உங்கள் கணவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் நினைத்த காரணத்துக்காக இல்லை. அங்கிள் திருப்பிக் கேட்பது இருக்கட்டும், ஆஸ்துமாக்காரர் இருக்கிற வீட்டுக்குள் கரியில் தூவிய சாம்பிராணி ஏன்? மூச்சுக் குழாய்க்கு இது சாமிப் புகை, அது சருகுப் புகை என்று பிரிக்கத் தெரியாது. ஜன்னல் சாத்தியிருந்தால் உங்கள் புகைதான் அவருக்கு இன்னும் கிட்டே. வெள்ளிக்கிழமை விளக்கும் பூவும் போதும் என்று முடிவு செய்யுங்கள், அல்லது வாசலுக்கு வெளியே காட்டிவிட்டு அணைத்துவிடுங்கள். மாமியார் அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது, மாலையில்தான் அதிகம் இரைக்கிறது என்பதை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அவசரத்துக்கு உறிஞ்சும் மருந்து படுக்கையறை அலமாரியில் இருந்து பயனில்லை, சமையலறையிலேயே கைக்கெட்டும் இடத்தில் ஒன்று இருக்கட்டும்.