வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ வந்தால் எல்லோருக்கும் வந்துவிடுகிறதே, அன்றாடப் பழக்கங்களால் தடுக்க முடியுமா?

முழுசாகத் தடுக்க முடியாது. நன்றாகக் குறைக்கலாம்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. காரைக்குடியில் வீட்டோடு பலகாரம் போட்டுக் கொடுக்கிறேன். ஐப்பசி பிறந்தால் ஒரு பக்கம் அடைமழை, ஒரு பக்கம் தீபாவளி ஆர்டர். மணகோலம் பிழிய, சீப்புச்சீடை சுருட்ட, மாவுருண்டை பிடிக்க என்று ஏழெட்டுப் பெண்கள் ஒரே கொட்டகையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்போம். அதில் ஒருத்தி இருமத் தொடங்கினால் வாரக் கடைசிக்குள் வரிசையே படுத்துவிடும். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய கட்டாயம் எனக்கு இருந்தது.

எப்படிப் பரவுகிறது என்று தெரிந்துகொண்டால் எந்தப் பழக்கம் உதவும், எது வெறும் மனத்திருப்தி என்று பிரித்துவிடலாம். இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகள்தான் முதல் வழி. அடைத்த அறையில் நுண்ணிய துளிகள் காற்றிலும் மிதக்கும். அடுத்த வழி நம் கை. எவர்சில்வர், பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பான பரப்பில் இந்த வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். துணியிலும் காகிதத்திலும் 8 முதல் 12 மணி நேரம். தோலில் சில நிமிடந்தான். அந்தச் சில நிமிடத்துக்குள் கை மூக்குக்குப் போய்விடுகிறதே, அதுதான் சங்கடம். மருத்துவ மாணவர்களைக் கவனித்து 2015இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், அவர்கள் மணிக்குச் சராசரியாக 23 தடவை முகத்தைத் தொட்டிருக்கிறார்கள். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை கண், மூக்கு, வாய். படிக்கிறவர்களே இப்படி என்றால், மாவு சலிக்கும் இடத்தில் மூக்கு அரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் எங்களைக் கேட்கவே வேண்டாம்.

எங்கள் கொட்டகையில் நான் முதலில் சண்டை போட்டது முந்தானையோடு. கவனித்துப் பாருங்கள்: மூக்கைத் துடைப்பது அதில், நெற்றி வியர்வை அதில், சூடான வாணலியின் காதைப் பிடிப்பது அதில், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் வாயைத் துடைப்பதும் அதே நுனியில். கழுவின கையை ஈரம் போக ஒற்றுவதும் அங்கேதான். அப்புறம் கழுவி என்ன பயன்? இப்போது பழைய வேட்டியைக் கிழித்து ஆளுக்கு இரண்டு துண்டு கொடுத்துவிடுகிறேன், கைக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று. ஒன்றோடொன்று மாறாமல் இருக்க மூக்குத் துண்டு மட்டும் கரை உள்ள பக்கம். சாயங்காலம் சோப்புத் தூளில் அலசி வெயிலில் போட வேண்டும். மழை நாளில் அடுப்படிக் கொடியில் காயும். தும்மல் வந்தால் முழங்கை மடிப்புக்குள். கைக்குள் தும்மிவிட்டால் எழுந்து போய்க் கழுவிவிட்டுத்தான் மாவைத் தொட வேண்டும். ஆரம்பத்தில், “என்ன ஆச்சி, ஆஸ்பத்திரி மாதிரிப் பண்றீங்க” என்று சிரித்தார்கள். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு அவர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

கை கழுவுவதைப் பற்றி எங்கள் ஆட்களிடம் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு வெறும் தண்ணீரில் போகாது என்பது பலகாரம் போடுகிற எல்லோருக்கும் தெரியும். ஃப்ளூ வைரஸுக்கும் மேலே கொழுப்பு உறை ஒன்று உண்டு, சோப்பு அதை உடைத்துவிடும் என்று சொன்னதும் புரிந்துகொண்டார்கள். இருபது விநாடி தேய்க்க வேண்டும். நிதானமாக இருபது எண்ணினால் போதும். உள்ளங்கையை மட்டும் தேய்த்துவிட்டு வந்துவிடுகிறோம். கட்டைவிரல், விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் அப்படியே இருக்கும். மூக்கைத் தொடுவது உள்ளங்கை இல்லை, விரல் நுனிதான். தண்ணீர் இல்லாத இடத்தில் சானிடைசர் சரி, 60 சதவீதமாவது ஆல்கஹால் இருக்க வேண்டும். ஆனால் மாவும் எண்ணெயும் அப்பிய கையில் அது வேலைக்காகாது.

நம் பக்கத்துப் பழைய பழக்கங்கள் சில நல்லவை. செம்பில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிப்பது அதில் ஒன்று. இப்போது பிள்ளைகள் ஒரே பாட்டிலை வாய் வைத்து நாலு பேர் குடிக்கிறார்கள். வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே வருவது நல்ல சுத்தம், ஆனால் காலால் ஃப்ளூ வருவதில்லை. அந்தத் தண்ணீரோடு பக்கத்தில் ஒரு சோப்பும் இருந்தால் பழக்கம் முழுமையாகிவிடும். யாருக்காவது காய்ச்சல் என்றதும் ஆத்தங்குடிக் கல் தரையெல்லாம் ஃபினாயில் ஊற்றித் துடைக்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தரையை யார் தொட்டு மூக்கில் வைக்கிறார்கள்? அந்த உழைப்பில் பாதியைக் கதவுத் தாழ்ப்பாள், சுவிட்ச், ஃபிரிட்ஜ் கைப்பிடி, டிவி ரிமோட், செல்போன் இவற்றுக்குச் செலவிடுங்கள். செல்போனைத்தான் நாம் நேராகவே வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகிறோம்.

காற்றோட்டம் இன்னொன்று. வளவு, அதாவது வீட்டின் நடு முற்றம், வானம் பார்த்து இருந்தவரை வீட்டுக்குள் காற்று ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது குரங்குத் தொல்லை, மழைச் சாரல் என்று பலர் மேலே ஷீட் போட்டு அடைத்துவிட்டார்கள். தப்பு சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் பாதி அடைப்புத்தான். ஆனால் காய்ச்சல் கண்டவரை ஏசி அறையில் சன்னலை மூடிப் படுக்க வைத்து, சுற்றி எல்லோரும் உட்கார்ந்து நலம் விசாரிப்பது மட்டும் வேண்டாம். சன்னலைத் திறந்து வையுங்கள். கஞ்சி கொடுக்க ஒரே ஆள் போகட்டும், இரண்டு பேரும் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும்.

செட்டிநாட்டில் உண்மையிலேயே கஷ்டமான சுகாதாரப் பழக்கம் என்னவென்று கேட்டால், விசேஷத்துக்குப் போகாமல் இருப்பது. “வரலைன்னா என்ன நினைப்பாக” என்ற ஒரு வார்த்தைக்காகப் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு அறுபதாம் கல்யாணம் மாதிரியான சாந்திக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களை நான் அறிவேன். மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும், பரவுவதை நிறுத்தாது. பிள்ளையார் நோன்பு கார்த்திகை தீபத்திலிருந்து 21ஆம் நாள், மழையும் பனியும் சேர்கிற சமயம். பங்காளிகள் ஒன்றுகூடி, பெரியவர் கையால் இழை, அதாவது திரி வைத்து ஏற்றிய மாவு, வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறோம். அதை விட முடியுமா? முடியாது. அதனால் இழை பிடிக்கும் முன் பெரியவர் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, காய்ச்சல் உள்ளவர்கள் அவரவர் வீட்டிலேயே எடுத்துக்கொள்வது, பெரியவருக்கே சளி என்றால் அடுத்த மூத்தவர் கொடுப்பது என்று எங்கள் வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். முதலில் கேட்டபோது என் மாமியார், “என்னத்தா, சாமி காரியத்துல இதெல்லாமா” என்றார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஃப்ளூ நுரையீரல் வரை இறங்கிவிடக்கூடும் என்று டாக்டர் சொன்ன பிறகு அவர்களே முன்னின்று சோப்பை எடுத்து வைக்கிறார்கள்.

இந்தக் கவனமெல்லாம் காய்ச்சல் வந்த பிறகு தொடங்கினால் போதாது. அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே ஒருவர் பரப்ப ஆரம்பித்துவிடுவார். அதன்பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை தொடரலாம். தடுப்பூசியும் உண்டு. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும். பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும் என்பதால் மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. வயதானவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் அவசியம் கேளுங்கள். இவர்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் காத்திருக்க வேண்டாம், வைரஸ் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மூச்சு வாங்கினால் யாராக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். மீதி இருந்த ஆன்டிபயாட்டிக்கை எடுத்துப் போடாதீர்கள், அது வைரஸை ஒன்றும் செய்யாது.

வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கூலி போய்விடும் என்ற பயத்தில்தான் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருகிறார்கள். என்னிடம் காய்ச்சல் என்று சொன்னால் கூலி உண்டு, மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு வந்தால் போதும். இதில் ஏமாற்றுகிறவர்கள் இருக்க மாட்டார்களா என்று கேட்பார்கள். இருப்பார்கள். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது கொட்டகையே காலியாகிற நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கூலி ஒன்றுமே இல்லை.