வயிற்றுக் கிருமித் தொற்றுக்கு அமிலக் குறைப்பு மருந்து எதற்கு? அவற்றுள் எது மேல்?

ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது இரைப்பையின் உட்சுவரில் குடியேறிப் புண் உண்டாக்கும் பாக்டீரியா. கடும் அமிலத்தில் அது பெருகாமல் ஒடுங்கிக் கிடக்கிறது. அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாடிக்குகளோ பெருகும் கிருமியைத்தான் கொல்லும். எங்கள் கொங்குப் பகுதியில், காய்ந்த மண்ணில் ஒளிந்திருக்கும் களை விதையை ஒன்றும் செய்ய இயலாது என்பதால், காட்டுக்கு முதலில் தண்ணீர் கட்டிக் களையை முளைக்கவிட்டு, அதன் பின்னரே உழுது அழிப்பார்கள். அமிலத்தைத் தணிப்பதும் அத்தகைய வேலைதான். அமிலம் குறைந்தால் ஆன்டிபயாடிக்கும் சிதையாமல் நிலைக்கும்.

ஒமெப்ரசோல், பேன்டோபிரசோல், ரேபிப்ரசோல் ஆகிய அமிலக் குறைப்பு மருந்துகள் அமிலச் சூழலில்தான் செயலூக்கம் பெறுகின்றன; ஆகவே பொதுவாக உணவுக்கு அரை மணி நேரம் முன்பு உட்கொள்ள வேண்டும், முழு வலிமைக்குச் சில நாட்களும் ஆகும். கல்லீரல் இவற்றைச் சிதைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் பலனும் வேறுபடுகிறது. ரேபிப்ரசோலில் இவ்வேறுபாடு குறைவு. 2014இல் ஜப்பானில் ஒப்புதல் பெற்ற வோனோபிரசான் என்ற மற்றொரு வகை அமிலக் குறைப்பு மருந்து, உணவு நேரத்தைச் சாராமல், முதல் நாளிலிருந்தே அமிலத்தை வலுவாக அடக்குகிறது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகளிடம் இதன் மேன்மை தெளிவாகத் தெரிகிறது என்றாலும், பொருத்தமான ஆன்டிபயாடிக்கைத் தேர்ந்தெடுப்பதே முதன்மையானது என்பேன்.

எரிச்சல் நின்றதும் தொற்று நீங்கிவிட்டதாகப் பலர் கருதி, வழக்கமான 14 நாள் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துகிறார்கள். அப்போது குறைந்திருப்பது அமிலமே, கிருமி உயிரோடு இருக்கக்கூடும்.